அக்கா கலந்து கொடுத்த பானம்

போட்ட சட்டையைக் கழற்றிக் கட்டில்மேல் எறிந்தார் வெல்டர். "நான் வரலை. நீ மட்டும் போயிட்டு வந்துடு," என்றார் மனைவியிடம்.

அன்று மாலை அவருடைய அக்கா வீட்டில் விருந்து. அக்கா கணவருக்குத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் பதவி கிடைத்திருந்தது. வெல்டருக்கும் அதே தொழிற்சாலைதான். வரப்போகிறவர்கள் எல்லாரும் கூட வேலை செய்கிறவர்கள். அவர்கள் எப்படிக் கொண்டாடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஒரு காலத்தில் பாட்டிலைத் திறந்து வைப்பதே அவர்தானே! கல்லீரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, படாத பாடு பட்டு, போன மழைக்காலத்தில்தான் குடியை விட்டிருந்தார். விட்டதைக் காப்பாற்றுவது இப்போது பெரும்பாடாக இருந்தது.

"போன பார்ட்டியில என்ன பண்ணாங்க? பிளாஸ்டிக் கப்புல ஜூஸை ஊத்திக் குடுத்துட்டு, 'பால் பாட்டில் வேணுமா தம்பி'ன்னு கேட்டானுங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க, மாமாவும் சேர்ந்து சிரிக்கிறாரு."

"உங்க அக்கா நேத்துலேர்ந்து அடுப்படியை விட்டு நகரலையாம். எதுக்குன்னு வந்துதான் பாருங்களேன்," என்று சட்டையை எடுத்து நீட்டினாள் மனைவி.

அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. மாலையில் அவளுடைய சமையலறைக்குள் நுழைந்ததும் வெல்டருக்கு மூக்கு விரிந்தது. அன்னாசித் துண்டுகளை எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் ஓரம் கருகச் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில், ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் போட்டு இறக்கிய கடுந்தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இஞ்சிச் சாறு தனியாகத் தெளிந்து நின்றது.

"முதல்ல கலந்தது இருமல் மருந்து மாதிரி இருந்துச்சுடா. உங்க மாமா முகத்தைச் சுளிக்காம முழுங்கிட்டாரு, பாவம்," என்று சிரித்தாள் அக்கா. "வெறும் இனிப்பா இருந்தா பெரியவங்க ஒரு வாயோட வச்சுடுவாங்க. கொஞ்சம் கசப்பும் காரமும் இருந்தாத்தான் கையில வச்சுக்கிட்டு மெல்லக் குடிச்சுப் பேச முடியும்."

சுட்ட அன்னாசியை மசித்து வடிகட்டி, தேநீரும் இஞ்சிச் சாறும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, மிளகைத் தட்டிப் போட்டாள். ஐஸ் போட்டுக் கடைசியில் சோடாவை ஊற்றினாள். டம்ளருக்குள் சுர்ரென்று நுரை எழுந்தது.

"இது எனக்கா?"

"உனக்குன்னு தனியா என்ன? இன்னைக்கு எல்லாருக்கும் இதுதான். சாராயம் இந்த வீட்டுப் படி ஏறாது."

விருந்துக்கு வந்தவர்கள் டம்ளரைச் சந்தேகத்தோடு வாங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் 'இன்னொண்ணு கிடைக்குமா' என்று சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கிரேன் ஓட்டும் பெரியவர் பானத்தை உறிஞ்சியபடி வெல்டரின் காதோடு சொன்னார்: "எனக்கும் டாக்டர் குடிக்கக் கூடாதுன்னுட்டாருப்பா. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டே ஊத்திக்கிட்டிருந்தேன்."

வெல்டருக்கு மனம் லேசானது. நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் வைத்திருந்த டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனவரின் கை அப்படியே நின்றது. பழகிய வாடை. நாக்கில் எச்சில் ஊறியது. டம்ளரைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

எதிரே 'ரேடியோ' கண்ணடித்தான். ஓயாமல் பேசுவதால் தொழிற்சாலையில் அவனுக்கு அந்தப் பெயர். "ஒரே ஒரு மூடிதான் ஊத்தினேன் மச்சி! குடிச்சா செத்தா போயிடுவ?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. எழுந்து வந்து டம்ளரை வாங்கினார். நேரே போய்க் கழுவுதொட்டியில் கொட்டினார்.

"செத்துதான் போயிருப்பான்டா. ஆஸ்பத்திரியில இவன் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நானு. அதுக்கப்புறமும் நீங்க கிண்டல் பண்றப்போ பல்லைக் காட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்." அவர் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். "ஒருத்தன் தட்டுத் தடுமாறி மேல ஏறி வர்றான். தூக்கி விடலைன்னா போகுது, காலை வாராதீங்கடா. வேணாம்னு சொன்னவனை வற்புறுத்திக் குடிக்க வைக்கிறதுக்குப் பேரு நட்பு இல்ல."

ரேடியோவின் வாய் முதன்முறையாக மூடிக்கொண்டது. பையிலிருந்த பாட்டிலை எடுத்துப் போய்த் தொட்டியில் கவிழ்த்தான். புது டம்ளரில் அன்னாசிப் பானம் வாங்கி வந்து, வெல்டருக்கு முன்னால் தானே ஒரு வாய் குடித்துக் காட்டினான்.

"சுத்தமா இருக்கு மச்சி. நம்பிக் குடி. என்னை மன்னிச்சுடு."

வெல்டர் வாங்கிக் குடித்தார். மிளகுக் காரமோ என்னவோ, கண் கலங்கியது.

எல்லாரும் கிளம்பிய பிறகு, அக்கா கழுவிக் கொடுத்த டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்த வெல்டர் மெல்லச் சொன்னார்: "குடிக்காதே குடிக்காதேன்னு எனக்குப் புத்தி சொன்னவங்க நிறைய பேரு, அக்கா. குடிக்காதவன் நாலு பேரோட உக்காந்து வேற என்ன குடிப்பான்னு யோசிச்சது நீ ஒருத்திதான். குடியை விட்டவனுக்கு அறிவுரையை விட அதுதான்கா பெரிய உதவி."