விற்காத காசுக்குச் சிவப்புப் பட்டை

காலையில் எழுந்ததும் மற்றவர்கள் பல் தேய்ப்பார்கள். காசுக்காரர் தன் சகலையின் இணையதளத்தைத் திறப்பார். பல் தேய்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இருவருக்கும் தொழில் ஒன்றுதான். பழங்காசுகளை வாங்கி, படம் எடுத்து, வலையில் போட்டு விற்பது. அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவன் அவன். இந்தத் தொழிலில் முதலில் இறங்கியதும் இவர்தான். காசை எப்படிப் பிடிக்க வேண்டும், விளிம்பை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் இவரே. அந்த வயிற்றெரிச்சல் தனி.

அவன் தளத்தைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும். பக்கம் பக்கமாகக் காசு. பாதிக்கு மேல் படங்களின் மூலையில் சிவப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் 'விற்றது'. விற்ற காசை அவன் எடுப்பதே இல்லை. படம், எடை, விலை, யாரிடமிருந்து வந்து யாரிடம் போனது என்பது வரை எல்லாம் அப்படியே இருக்கும். விற்றவற்றுக்கென்று தனிப் பக்கம் வேறு.

"காலி டப்பாவையெல்லாம் அலமாரியில அடுக்கி வச்சு, பாருங்க பாருங்க நாங்க எவ்வளவு சாப்ட்டோம்னு காட்டற மாதிரி இருக்கு" என்பார் காசுக்காரர்.

இவர் வழக்கம் வேறு. காசு விற்ற உடனே பக்கத்திலிருந்து தூக்கிவிடுவார். விற்ற விலையை நாலு பேர் பார்த்துவிட்டால் அடுத்த முறை பேரம் பேசுவார்களாம். அதனால் இவர் தளத்தில் எப்போது பார்த்தாலும் விலை போகாத சரக்கு மட்டும்தான் உட்கார்ந்திருக்கும். நல்லதெல்லாம் போய்விட்டதென்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை அவர் மனைவி ஒருநாள் கேட்டாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் சைட்டைப் பாத்தா ஜேஜேன்னு இருக்கு. நம்மது ஏங்க இப்படி ஈயாடுது?"

அன்று அவர் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை பிடித்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் டாக்டரம்மாவின் போன் வந்தது. கண் டாக்டர், ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காசுகளை யாராவது ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்து, விவரங்களை ஒழுங்காக எழுதி விற்கச் சொல்ல வேண்டும் என்று இருந்தார். அந்தச் சேகரிப்பைப் பற்றித் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அது ஒருவன் கைக்கு வந்தால் அவன் பெயர் நின்றுவிடும்.

"உங்களையும் உங்க சகலையையும்தான் யோசிச்சு வச்சிருக்கேன். ரெண்டு பேர் சைட்டையும் நல்லாப் பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார்.

போனை வைத்ததும் காசுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தன் தளத்தைத் திறந்து, டாக்டரம்மாவின் கண்ணால் பார்த்தார். அடுத்து சகலையின் தளத்தைத் திறந்தார். அங்கே சிவப்பு, சிவப்பு, சிவப்பு. கொடுத்து வைத்த பயல்.

அப்புறம் அவர் செய்த காரியத்தை அவர் இடத்தில் இருக்கும் ஒருவர்தான் செய்ய முடியும். ஈயாடிக்கொண்டிருந்த சரக்கில் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புப் பட்டை ஒட்டினார். 'விற்றது'. காசுகள் என்னவோ மேசை இழுப்பறையில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒட்டி முடித்துப் பார்த்தபோது அவருக்கே ஒரு தெம்பு வந்தது. தளமே ஓடுகிற வண்டியாகத் தெரிந்தது. அன்று குளிக்கும்போது பாட்டுக்கூடப் பாடினார்.

மனைவி கையில் ஒட்டும் நாடாவோடு வந்து நின்றாள். விற்கும் காசையெல்லாம் சின்ன உறையில் போட்டு, அட்டை வைத்து, பார்சல் கட்டித் தபாலில் சேர்ப்பது அவள் வேலை. அவள் கை படாமல் ஒரு காசும் அந்த வீட்டை விட்டுப் போனதில்லை.

"ஏங்க, இத்தனை வித்திருக்கு. எதெல்லாம் கட்டணும்? குடுங்க."

"அது... நேர்ல வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"நான் எங்கயும் போகலையே. யார் வந்தா?"

"உனக்கு எல்லாத்தையும் சொல்லிட்டிருக்கணுமா?"

அவள் இழுப்பறையை ஒரு பார்வை பார்த்தாள். நாடாவை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சில நாள் கழித்து டாக்டரம்மா நேரிலேயே வந்துவிட்டார். கையில் வெல்வெட் பதித்த மரத்தட்டு. அதில் வட்ட வட்டமான குழிகளில் சின்னச் செப்புக் காசுகள். எல்லாம் கப்பல் காசு. ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், மறுபக்கம் வருஷம். வரிசையாக ஒரு வருஷம் விடாமல் இருந்தது. ஒரே ஒரு குழி மட்டும் காலி.

"இந்தக் காலிக் குழிக்கான வருஷத்துலதான் காசு அடிக்கிற அச்சுல விரிசல் விட்டுது. பாய்மரத்துக்குக் குறுக்கே ஒரு கீறல் விழும். தேடாத இடம் இல்ல" என்றார் டாக்டரம்மா. "உங்க பக்கத்துல அது இருந்தது, மறுபக்கத்துப் படத்துல வருஷத்தைப் பாத்தேன். தட்டை எடுத்துக்கிட்டு வந்து, உங்ககிட்டயே அதை வாங்கி, இந்தக் குழியில வச்சு, மொத்தத்தையும் உங்க கையில குடுத்துடணும்னு நினைச்சிருந்தேன். நேத்து பாக்கறேன், வித்துப்போச்சு."

காசுக்காரரின் முழங்காலுக்கு நேரே இருந்தது இழுப்பறை. கையை நீட்டினால் போதும்.

"வாங்கினவர்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை கேக்க முடியுமா?"

'அம்மா, அது விற்கவே இல்லை' என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றப் பட்டைகளும் பொய் என்று ஆகிவிடுமே.

"கேட்டுப் பாக்கறேன்மா. அவர் கொஞ்சம் பிடிவாதக்காரர்" என்றார், மென்று முழுங்கி.

"கேளுங்க. உங்க சகலைகிட்ட காசு வாங்கினவங்கள்ல ரெண்டு மூணு பேரை நானே கூப்பிட்டு விசாரிச்சேன். அவர் எழுதினது அத்தனையும் சரியா இருந்தது. உங்ககிட்ட வாங்கினவங்களையும் அப்படி விசாரிக்கலாம்னா, நீங்க பழசையெல்லாம் எடுத்துடறீங்க. இந்தச் சிவப்பு போட்டது மட்டும்தான் இருக்கு. அதுல ஒருத்தர் நம்பராவது குடுங்க, போதும்."

"கேட்டுட்டுத் தரேன்."

டாக்டரம்மா போனதும் காசுக்காரர் ஒரு திட்டம் போட்டார். பிடிவாதக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்ததாக நாளைக்குச் சொல்லிவிடலாம். இல்லாத ஆளிடமிருந்து இருக்கிற காசை வாங்கிக் கொடுத்தால் போச்சு. டாக்டரம்மா உருகிவிடுவார். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது சகலை கூப்பிட்டான்.

"அண்ணே, டாக்டரம்மா இங்கயும் வந்திருந்தாங்க."

வரட்டுமே. தட்டை அவனிடமே தூக்கிக் கொடுத்துவிட்டாரோ? காசுக்காரருக்குக் காது சூடானது.

"உங்ககிட்டயே குடுக்கச் சொல்லிட்டேன்ணே."

"என்ன சொல்ற?"

"எனக்கு உங்க மேல எப்பவும் பொறாமைதாண்ணே. சொன்னா சிரிப்பீங்க. உங்க சைட்டைத் தினமும் பாப்பேன். நல்ல காசு ஒண்ணு போடுவீங்க, மறுநாள் இருக்காது. புது சரக்கு வாங்க எனக்கு வக்கு இல்லாமதான் வித்ததையெல்லாம் எடுக்காம நிறைச்சு வச்சிருக்கேன். எடுத்துட்டா பக்கமே காலிண்ணே. உங்களைப் பாத்து வயிறு எரிஞ்சிருக்கேன். அதான், நல்லதா ஒண்ணாவது செய்யலாம்னு அவங்ககிட்ட சொன்னேன்."

காசுக்காரர் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். கேட்டது கிடைத்துவிட்டது. சேகரிப்பு இனி அவருடையது. சந்தோஷம் மட்டும் வந்தபாடில்லை. அவனும் பொறாமைப்பட்டானாம். ஆனால் பட்டதை வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அதிலும் முந்திக்கொண்டான். தொழிலில் முந்தினான், பெயரில் முந்தினான், கடைசியில் நல்லவனாக இருப்பதிலுமா முந்த வேண்டும்? இது மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

அந்த எரிச்சலில்தான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். நேர்மை பொங்கிக் கூப்பிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சகலையிடம் தோற்கக் கூடாது, அவ்வளவுதான். மனைவி கதவோரம் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"அம்மா, அந்தக் கப்பல் காசு விக்கலை. என் இழுப்பறையிலதான் இருக்கு. அந்தச் சிவப்புப் பட்டை போட்டது எதுவுமே விக்கலை. வியாபாரம் ஓடற மாதிரி தெரியட்டும்னு நானே ஒட்டினேன்."



"உண்மையைச் சொன்னதுக்கு சந்தோஷம்" என்றார் டாக்டரம்மா. குரலில் கோபம் இல்லை. "நாளைக்கு வந்து அந்தக் காசை வாங்கிக்கறேன். தட்டை உங்க சகலைகிட்டயே குடுத்திடறேன். தப்பா நினைக்காதீங்க. விக்காததுக்கு வித்ததுன்னு எழுதினவர்கிட்ட என் காசைப் பத்தி எழுதச் சொல்ல எனக்கு மனசு வரலை."

"சரிம்மா" என்றார் காசுக்காரர்.

மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு பட்டையாக எடுக்க எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் காசு மறுநாள் போயிற்று. அதற்கு மட்டும் பட்டையைத் திரும்ப ஒட்டச் சொன்னாள்.

"இது நிஜமாவே வித்ததுதானே? இருக்கட்டும்."

கொஞ்ச நாளில் டாக்டரம்மாவின் தட்டு சகலையின் தளத்தில் ஏறியது. காசுக்காரர் பல் தேய்க்காமல் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு கப்பலும் கடலை விட்டு எழுந்து வருவதுபோல் படம் எடுத்திருந்தான் படுபாவி. காலியாக இருந்த குழி நிறைந்திருந்தது. பாய்மரத்துக் கீறல் மயிரிழை பிசகாமல் தெரிந்தது. அந்த வாரமே மூலையில் சிவப்புப் பட்டையும் விழுந்துவிட்டது.

படத்துக்குக் கீழே ஒவ்வொரு காசும் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருந்தான். கீறல் காசுக்கு எதிரே, 'என் அண்ணன் கடையிலிருந்து. இந்தத் தொழிலை எனக்குக் கற்றுத் தந்தவர்' என்று இருந்தது. அதைத் தொட்டால் போகும்படி ஓர் இணைப்பும் கொடுத்திருந்தான்.

தொட்டார். அவருடைய பக்கமே திறந்தது. குழல்விளக்கின் கீழே, பாதிக் கப்பலின் மேல் தன் கட்டைவிரல் நிழல் விழ, அவசரத்தில் எடுத்த படம். கீறல் இருக்கும் இடமே தெரியவில்லை. அதன் கீழே 'கப்பல் காசு, நல்ல நிலை' என்று ஒரே வரி. மறுபடி நன்றாக எடுத்துப் போடலாம் என்றால் காசு கையில் இல்லை. அந்தத் தட்டை விரும்பிப் பார்க்கிற அத்தனை பேரும் இனி இங்கே வந்து இந்த நிழலைத்தான் பார்ப்பார்கள்.

பழக்க தோஷத்தில் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. அழித்துவிட்டால் சகலை எழுதிய வரி எங்கேயும் போய்ச் சேராது. அவரை அண்ணன் என்று ஊரறியச் சொன்ன அந்த ஒரு வரி அந்தரத்தில் நிற்கும்.

வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. விரலை எடுத்துக்கொண்டு பல் தேய்க்கப் போனார்.