எக்கோ பெட்டிக்குள் அழுக்கு

சிவசக்தி கிட்டாரை மடியில் வைத்து ஒரு தந்தியைத் தட்டினாள். பதுளை பஜாரில் என் ரிப்பேர் கடைக்குள் அந்தச் சத்தம் மூன்று முறை திரும்பி வந்தது. மூன்றும் ஒரே மாதிரி, பளிச்சென்று. அவள் முகம் மலரவில்லை.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, எல்ல டவுனில் ஒரு ஹோட்டலில் தனியாக வாசிக்கிறவள். துணைக்கு, காலால் மிதித்தால் எதிரொலி தருகிற இந்த எக்கோ பெட்டி மட்டும்தான். நாற்பது வருஷப் பழசு. குமிழைத் திருகினால் கரகரக்கிறது என்றுதான் தந்துவிட்டுப் போயிருந்தாள். ஐந்து நிமிஷ வேலை. சோதித்துப் பார்க்க வழக்கமான கரண்ட் எடப்டரைச் சொருகினேன். நம் ரேடியோக்களுக்கெல்லாம் முனையின் நடுவில் பிளஸ்; இதற்கு நடுவில் மைனஸ். பெட்டியிலேயே சின்னதாகப் படம் போட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷ அனுபவஸ்தனுக்குப் படம் எதற்கு? ஒரு நொடியில் உள்ளே இருந்த ஐசி சில்லு எரிந்து போய்விட்டது.

அந்த ஐசிக்குள் சத்தம் கைமாறிக் கைமாறித்தான் போகும். தோட்டத்து லயத்து வீடுகளில் பைப்பில் தண்ணீர் வராத நாளில் வரிசையாக நின்று மலைப் பீலியிலிருந்து வாளி கைமாற்றுவோமே, அப்படி. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும். அதனால் எதிரொலி வரவர மங்கும். கொழும்பு வரை கேட்டும் அந்த ஐசி கிடைக்கவில்லை. பழுதான கரோக்கே பெட்டியொன்றின் எக்கோ போர்டைக் கழற்றி உள்ளே பொருத்தி மூடிவிட்டேன். அதில் ஒரு சொட்டும் சிந்தாது.

"கஜேந்திரண்ணே, முன்ன இப்பிடி இல்லையே. பின்னாடி வர்ற சத்தம் மங்கலா, தூரத்துல கேக்குற மாதிரி இருக்கும்."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இந்தத் தொழிலில் எல்லாவற்றுக்கும் நாங்கள் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது; அது முந்திக்கொண்டது.

"உள்ளுக்க அழுக்கு புடிச்சிருந்துச்சும்மா. எடுத்துட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப இத்தன வருஷமா நா அழுக்கத்தான் நல்லாருக்குன்னு கேட்டுக்கிட்டு இருந்தனா?" வெட்கத்தோடு சிரித்தாள். "நமக்கு என்னாண்ணே தெரியும்."

என் பொய்க்கு அவள் வெட்கப்பட்டாள். கும்பிட்டுவிட்டு வேறு போனாள். நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் வெலிமடையிலிருந்து ஷிபான் என்றொருவர் வந்தார். கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிக்கிறாராம். பையைத் திறந்து, அதே மாதிரி இன்னொரு பெட்டியை மேசையில் வைத்தார்.

"சிவசக்திதான் அனுப்பின. அவங்கட பெட்டில அழுக்கெடுத்துக் குடுத்தீங்களாமே. என்டதுலயும் எடுத்துத் தாங்க அண்ணன்."

இந்த முறை படத்தைப் பார்த்துச் சொருகினேன். அவர் தந்தியைத் தட்டினார். முதல் சத்தம் கடைக்குள் கேட்டது. இரண்டாவது தெருவில். மூன்றாவது எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் போய் அடங்கியது. நான் கெடுத்தது இன்னதென்று அப்போதுதான் காதால் கேட்டேன்.

"பாத்தீங்களா, எவ்வளவு அழுக்கு," என்றார் ஷிபான். பெட்டியைக் கவிழ்த்து, மூடியின் நான்கு திருகாணிகளும் எனக்கு நேரே வருகிற மாதிரி நகர்த்தி வைத்தார்.