என்.சி.சி. அறைத் துப்பாக்கி

கீரனூர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தபடியே அடைக்கலசாமி இறந்துபோனார். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறார் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஆவூர்ப் பக்கம் போகும் பஸ் கிளம்பும்போது, தினமும் பார்க்கிற வாத்தியார் ஆயிற்றே என்று கண்டக்டர் இறங்கிவந்து தோளைத் தொட்டார். அப்போதுதான் தெரிந்தது.

அவர் மடியில் இருந்த துணிப்பையை போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே சில பழைய ஸ்க்ரூக்களும் தோள்வார் மாட்டும் இரும்பு வளையம் ஒன்றும் இருந்தன. அவர் மனைவி ஃபெமினா அதை வாங்கி அரிசி டின் மேல் வைத்தாள். பிறகு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப்போட்டாள்.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அவர் வரலாறு, கூடவே என்.சி.சி. பொறுப்பு. அவள் கணக்கு. பிள்ளைகள் இல்லை. அடக்கத்தன்றும் அவள் அழவில்லை, முப்பதாம் நாள் பூசையிலும் அழவில்லை. துணைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார் ஞானமணிக்கு அது பெரிய கவலையாகிவிட்டது.

"அழுதுடு ஃபெமினா. உள்ளயே வச்சுக்கிட்டு இருந்தா ஒடம்புக்கு ஆகாது."

"வரல அண்ணி. வந்தா அழ மாட்டேனா?"

ஞானமணி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஃபெமினா அதையும் சாப்பிட்டாள். உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்குத் திரும்பிய வாரம் அந்தத் துணிப்பையை எடுத்துக்கொண்டு என்.சி.சி. அறைக்குப் போனாள். மேசைமேல் பழைய போர்வை விரித்து, அதன்மேல் துப்பாக்கி பாகம் பாகமாகக் கிடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் வங்காளத்து இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் செய்த ராணுவத் துப்பாக்கி. பின்னால் மாணவர்கள் தோளில் சாத்தி நடை பழகுவதற்கென்று வந்தது. குழலில் துளை போட்டு, உள்ளே இரும்பை உருக்கி அடைத்துவிட்டார்கள். இனி அது சுடாது. உரிய அனுமதியோடு பள்ளியிலேயே கிடந்த அதை, பள்ளியின் பவள விழாவுக்குள் பழையபடி ஆக்கி, கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது அடைக்கலசாமியின் ஆசை. வருஷக்கணக்கில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் மாட்டியிருந்தார்கள். அதையெல்லாம் கழற்றிப்போட்டுவிட்டு, அந்தக் காலத்துப் பாகங்களாகத் தேடிக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியர் ஜோசப் நல்ல மனிதர். வாசலிலேயே நின்று சொன்னார். "டீச்சர், நீங்க இதுக்காகச் சிரமப்பட வேண்டாம். இருக்கறத வச்சு மாட்டிரச் சொல்றேன். யாரு வந்து உத்துப் பாக்கப்போறாங்க?"

"நான் பாத்துக்கறேன் சார்," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த அறைக்குள் வந்து யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

கணவருடைய போனில் முத்துராஜின் நம்பர் இருந்தது. குளத்தூர்க்காரர். ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். கூப்பிட்டதும் மறுநாளே மொபெட்டில் வந்தார். துக்கம் விசாரிக்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே மேசைக்குப் போய்விட்டார்.

"சாருக்கு ஒரு மேகசின், தோட்டாப் பொட்டி, சொல்லி வச்சிருந்தேன் டீச்சர். வேணுமா, விட்டுரலாமா?"

"இதுல இருக்கறது என்ன?"

"இது பின்னால வந்த மாடலுக்கு உள்ளது. அடி சதுரமா இருக்கு பாருங்க. பழசுக்கு அடி சரிஞ்சு வரும். மாட்டிக்கிடும், ஆனா அதோடது இல்ல."

"அதோடதே கொண்டாங்கண்ணே."

அதன்பிறகு வாரம் ஒருமுறையோ இருமுறையோ முத்துராஜ் வந்தார். கழித்துப்போட்ட பயிற்சித் துப்பாக்கி ஒன்றிலிருந்து எடுத்த, குழலைத் தாங்கும் முன்கட்டையும் கொண்டுவந்தார். பழைய கட்டை நீளவாக்கில் வெடித்து, யாரோ கம்பியால் சுற்றி வைத்திருந்தார்கள். வந்த கட்டை இந்தக் குழலோடு படியவில்லை. குழலில் புகைக்கரியைத் தடவி, கட்டையை வைத்து அழுத்தி எடுத்தால், இடிக்கிற இடத்தில் கரி ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் கத்தியால் சுரண்ட வேண்டும். மறுபடி தடவ வேண்டும், மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். ஃபெமினா ஓய்வுப் பீரியடுகளில் அதைச் செய்தாள். பள்ளி விட்ட பிறகும் செய்தாள். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கரி தெரிந்தால் சுரண்டினாள்.

நட்சத்திரத் தலை வைத்த புது ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, துணிப்பையில் இருந்த ஒற்றைக்கோட்டு ஸ்க்ரூக்களையும் வார் வளையத்தையும் போட்டார்கள். கட்டை முழுக்க ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் சூடு வரும்வரை தேய்த்தாள். காய்ந்ததும் திரும்பத் தேய்த்தாள். மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருஞ்சிவப்பாகியது. கடைசியாக மேகசின் வந்தது. முத்துராஜ் அதை அவள் கையில் கொடுத்தார். அவள் கீழிருந்து தள்ளினாள். ஒரு சின்னச் சத்தத்தோடு போய் உட்கார்ந்தது.

"சார் இருந்தா..." என்று ஆரம்பித்த முத்துராஜ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

அவள் முழுத் துப்பாக்கியையும் பார்த்தாள். வேலை முடிந்துவிட்டது, நாளையிலிருந்து ஓய்வுப் பீரியடில் என்ன செய்வது என்பது மட்டும் மனதில் ஓடியது.

விழா அன்று காலையில் ஞானமணி எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். ஹாலின் முகப்பில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. மேலே அடைக்கலசாமியின் போட்டோ, சந்தன மாலை. உள்ளே துப்பாக்கி பளபளவென்று மின்னியது. கட்டைக்கு மஞ்சள் சாயம் கலந்த வார்னிஷ் அடித்திருந்தார்கள். குழலுக்கு வெள்ளிப் பெயிண்ட். அடிக்கட்டையின் பித்தளைத் தகட்டுக்குத் தங்கப் பெயிண்ட்.

ஃபெமினா கண்ணாடி அருகே குனிந்து பார்த்தாள்.

"யாரு சார் பெயிண்ட் அடிச்சது?"

"நம்ம பெயிண்டர் பெரியண்ணன்தான் டீச்சர்," என்றார் ஜோசப். "ஹாலுக்கு அடிக்கும்போதே, வாத்தியார் துப்பாக்கியாச்சேன்னு காசு வாங்காம அடிச்சுக் குடுத்தாரு. புதுசு மாதிரி இருக்குல்ல?"

"பெட்டியத் தொறங்க சார்."

"விருந்தாளிங்க வர்ற நேரம்..."

"தொறங்க."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜோசப் சாவியைத் தேடி எடுத்தார். அவள் துப்பாக்கியைக் குழந்தையைத் தூக்குவதுபோல அல்ல, விறகுக் கட்டையைத் தூக்குவதுபோல அக்குளில் இடுக்கிக்கொண்டு என்.சி.சி. அறைக்கு நடந்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது. கழுத்து வரை சூடாக இருந்தது. இத்தனை நாளில் உடம்பில் அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை.

விழாவுக்கு வந்திருந்த முத்துராஜ் விஷயம் கேள்விப்பட்டு தின்னரும் பழைய துணியும் வாங்கிக்கொண்டு வந்தார். ஹாலில் இறைவணக்கம் பாடினார்கள். பிறகு யார் யாரோ பேசினார்கள். காலிப் பெட்டிக்கு மேல் இருந்த போட்டோவைக் காட்டி ஜோசப் ஏதோ சொல்லிச் சமாளித்தது மைக்கில் கேட்டது. நடுவில் பெரியண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் டீச்சர் செஞ்சேன்."

"தெரியும்ணே," என்றாள். "அந்தத் துணிய எடுத்துக்கங்க. நீங்க பித்தளையத் தொடைங்க."

அவரும் உட்கார்ந்தார். இரும்பிலிருந்தும் பித்தளையிலிருந்தும் பெயிண்ட் வந்துவிட்டது. கட்டைதான் வரவில்லை. மேலே இருந்த வார்னிஷ் உரிந்தது, ஆனால் முன்கட்டையின் ஒரு பக்கம் சாயத்தை உள்ளே குடித்துவிட்டிருந்தது. சுரண்டச் சுரண்ட மஞ்சளாகவே இருந்தது. இதற்குமேல் சுரண்டினால் கட்டை மெலிந்து, குழல் ஆடும் என்றார் முத்துராஜ்.

"பித்தளையும் இரும்பும் பழையபடி ஆயிருச்சு. இத இப்படியே வச்சுரலாம் டீச்சர். கண்ணாடிக்கு உள்ள அவ்வளவா தெரியாது."

"வேற கட்டை கிடைக்குமாண்ணே?"

"கிடைக்கும். நாளாகும். வந்தா மறுபடி முதல்ல இருந்து படிய வைக்கணும்."

"தேடுங்க. அதுவரைக்கும் இங்கயே கிடக்கட்டும்."

ஜோசப்பிடம் அவளே போய்ச் சொன்னாள். பெட்டி கொஞ்ச காலம் காலியாகத்தான் இருக்கும், கட்டை வந்ததும் வைக்கலாம் என்று. அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் தலையசைத்தார். விருந்தாளிகள் போய், பந்தி முடிகிற நேரம்.

"பிரியாணி இருக்கா சார்?"

"இருக்கே. சாப்பிடலயா நீங்க?"

"மூணு பேரு இருக்கோம்," என்றாள்.

மேசையில் துப்பாக்கியை ஓரமாக நகர்த்திவிட்டு இலை போட்டுக்கொண்டார்கள். கையில் தின்னர் வாடை கழுவியும் போகவில்லை. பிரியாணி ஆறிப்போயிருந்தது. காரம் தூக்கலாக இருந்தது. அவளுக்கு மூக்கில் நீர் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டாள்.