கட்டையனும் இரண்டு ஓரகத்திகளும்

அந்தப் படகுக் கொட்டகையில் இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அதனால் கொட்டகையிலும் பெரியக்கா, சின்னக்கா என்றே பேர் விழுந்துவிட்டது. பெரியவள் டிராக்டர் ஓட்டினாள். சின்னவள் வாசலறையில் உட்கார்ந்து, எந்தப் படகு உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று எழுதி வைத்தாள். அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். அதை நினைத்து நினைத்துப் பின்னால் எத்தனை தடவை நொந்துகொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

காற்றுக்காலம் தொடங்கியதும் ஊரிலுள்ள படகுகளெல்லாம் டிரெய்லரில் ஏறி அங்கே வந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளி வரிசையில் நிறுத்த வேண்டும். டிரெய்லரைப் பின்னால் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். கொஞ்சம் அசந்தால் மடங்கிக்கொள்ளும். பெரியவள் பன்னிரண்டு வருஷமாக ஒரு கீறல் விழாமல் அதைச் செய்துவந்தாள். அவள் தலையைத் திருப்பி, ஒரு கையை இருக்கையின் முதுகில் போட்டுக்கொண்டு பின்னால் வருகிற அழகைப் பார்க்கவே படகுக்காரர்கள் நின்றுவிடுவார்கள். அவர்கள் நிற்பது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள்.

அந்த வருஷம் படகுகள் கூடிப்போயின. முதலாளி வரிசைகளை நெருக்கிப் போட்டார். உள்ளே டிராக்டர் திரும்ப இடமில்லை. அதற்காக அவர் ஒரு புது வண்டியை வாங்கி வந்தார். இடுப்புயரம், இரண்டு தடித்த சக்கரம், நீளமான கைப்பிடி, நடுவில் பேட்டரியும் மோட்டாரும். அதன் தலையிலிருந்த குமிழில் டிரெய்லரின் மூக்கை மாட்டி, கைப்பிடியைப் பிடித்தபடி கூடவே நடந்தால் போதும். ஒரு டன் படகும் நாய்க்குட்டி மாதிரி பின்னால் வரும். கையை எடுத்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். கொட்டகைக்காரர்கள் அதற்குக் கட்டையன் என்று பேர் வைத்தார்கள்.

"பெரியக்கா வெளியில டிராக்டர்ல இருந்தாத்தான் சரிப்படும்," என்றார் முதலாளி. "உள்ளே இதைச் சின்னக்கா பாக்கட்டும். என்ன, முடியுமா?"

"பாக்கறேன் சார்," என்றாள் சின்னவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

முதல் நாளே ஒரு நீளமான வெள்ளைப் படகை இரண்டு தூண்களுக்கு நடுவில் கொண்டுபோய்ச் சொருகினாள். இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல். பெயிண்டர் சீட்டியடித்தார். முதலாளி சிரித்துக்கொண்டே, "பெரியக்காவே இதுக்கு மூணு வாட்டி முன்ன பின்ன எடுத்திருப்பாங்க," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். சிரித்தபடியே டிராக்டரில் போய் ஏறிக்கொண்டாள். மூன்று வாட்டியா? இந்தக் கொட்டகையில் நான் எதை மூன்று வாட்டி எடுத்தேன்?

வீட்டிலும் அதே பேச்சு. "அந்தப் பொண்ணு ஒத்தக் கையால ஒரு டன்னைத் தள்ளுதாமே?" என்றான் அவள் கணவன்.

"மோட்டார் தள்ளுது. அவ பக்கத்துல நடக்கறா."

"நடக்கறதுக்கும் ஒரு பக்குவம் வேணும்ல?"

பெரியவள் கரண்டியை வைத்த சத்தத்தில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவள் கண் சின்னவளை விட்டு அகலவில்லை. அவள் எத்தனை படகு எடுத்தாள், யார் அவளிடம் நின்று பேசினார்கள், யார் அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள், எல்லாம் இவளுக்கு அத்துப்படி. சின்னவள் எங்காவது ஒரு தடவை இடித்துவிட மாட்டாளா என்று மனசு காத்துக் கிடந்தது. அவள் இடிக்கவில்லை. வியர்க்கவும் இல்லை. அதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை. நான் படாத பாடு பட்டுக் கற்றதை இவள் உலாத்தப் போகிற மாதிரி செய்கிறாளே!

கடைசியில் பல் டாக்டர் வந்து எல்லாவற்றையும் கெடுத்தார். அவருடைய சிவப்புப் படகு ஒன்பது வருஷமாகப் பெரியவளைத் தவிர வேறு யார் கையிலும் போனதில்லை. அவர் வாசலறையில் நின்றுகொண்டு, "நாளைக்குக் காலையில எடுக்கணும். அந்தச் சின்னம்மாவையே எடுக்கச் சொல்லுங்க, பதமா எடுக்கறாங்க," என்று முதலாளியிடம் சொன்னது டிராக்டரில் உட்கார்ந்திருந்த இவள் காதில் விழுந்தது.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டையன் நாள் முழுக்க ஓடிய களைப்பில் சுவரோரம் சார்ஜில் நின்றது. பெரியவள் கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்து, பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். தானாகக் கழன்று விழுந்த மாதிரி இருக்கட்டும் என்று காலால் கொஞ்சம் நகர்த்தியும் விட்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சின்னவள் ஏதேதோ கதை சொல்லிக்கொண்டு வந்தாள். இவள் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள்.

மறுநாள் காலை வெளியே நாலு வண்டிகள் வரிசையில் நின்றன. சின்னவள் சிவப்புப் படகை மாட்டி இழுத்து வந்தாள். கொட்டகை வாசல் சரிவுக்கு வந்தபோது கட்டையன் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டான். பிரேக் இறுகிக்கொண்டது. படகு வாசலை அடைத்தபடி கோணலாக நின்றது. அதன் வால் உள்ளே தூணை உரசாத குறை. வெளியே ஹார்ன் அடித்தார்கள். டாக்டர் தலையில் கைவைத்தார். சின்னவள் முகம் வெளுத்துப்போய் கைப்பிடியை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

பெரியவள் எதிர்பார்த்த காட்சி அதுதான். ஆனால் பார்க்கிறபோது நினைத்த அளவுக்கு ருசிக்கவில்லை.

"பெரியக்கா!" என்று முதலாளி கத்தினார். "நீங்கதான் ஏதாவது பண்ணணும்!"

அது ருசித்தது. இல்லையென்று சொல்ல முடியாது.

டிரெய்லர் சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்தார்கள். ஜாக்கி போட்டு மூக்கைத் தூக்கி, பிரேக்கை விடுவித்து, நாலு பேர் சேர்ந்து கட்டையனைத் தம் பிடித்து அப்பால் உருட்டினார்கள். பெரியவள் நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து, ஒரே எடுப்பில் மூக்குக்கு நேராக நிறுத்தினாள். மாட்டியாயிற்று. ஆனால் இழுத்தால் வால் எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரியாது, படகு மறைத்தது. சின்னவள் தூணுக்கும் படகுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"அக்கா, ஒரு சாண் வலப்பக்கம்! போதும், போதும்! இப்ப நேரா... மெதுவா... வாங்கக்கா, வாங்க!"

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பெரியவள் இழுத்தாள். கீறல் இல்லாமல் படகு வெளியே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டு அடங்கியதும் முதலாளி சின்னவள் பக்கம் திரும்பினார்.

"சார்ஜ் போடணும்னு கூடவா தெரியாது?"

"நான்தான் சார் மறந்துட்டேன்," என்றாள் சின்னவள், தரையைப் பார்த்தபடி.

டீ நேரத்தில் அவள் பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு கையுறையை எடுத்து நீட்டினாள். "சார்ஜர் பக்கத்துல கிடந்துச்சுக்கா." டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பெரியவளுக்கு முதலில் வெட்கம் வந்தது. வெட்கத்தின் பின்னாலேயே, அதைத் தள்ளிக்கொண்டு, பழைய எரிச்சல் வந்தது. எல்லாம் தெரிந்தும் திட்டு வாங்கிக்கொண்டாளே! பெருந்தன்மையிலுமா இவள் என்னை முந்த வேண்டும்? கட்டையனைப் பிடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டு போகலாம். இவளுடைய தயவில் நாளைக்கு இதே வாசலில் நடமாட முடியாது.

அவள் நேராக முதலாளி அறைக்குப் போனாள். "பிளக்கைப் பிடுங்கினது நான்தான் சார். அவ மறக்கல," என்றாள்.

முதலாளி டிராக்டர் சாவியை வாங்கி மேசைக்குள் போட்டார். "ஒரு வாரம் படகு அடிப்பக்கம் தேய்ங்க. அதுக்கப்புறம் பேசலாம்."

பாசி பிடித்த படகுகளுக்கு அடியில் குனிந்து தேய்ப்பது கொட்டகையிலேயே மட்டமான வேலை. இருந்தாலும் கணக்கு நேராகிவிட்டது என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் சின்னவள் காத்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"யாரைக் கேட்டுப் போய்ச் சொன்னீங்க?"

"உண்மையைத்தானே சொன்னேன்."

"நீங்க உண்மை சொல்லிட்டீங்க. இப்ப நான் பொய்க்காரி. 'நீங்களும் எங்கிட்ட மறைச்சீங்களே'ன்னு சார் முகத்துல அடிச்ச மாதிரி கேட்டாரு. பிளக் கழண்டு கிடந்ததைக் காலையிலேயே பாத்தேன். ஒரு படகுக்குத் தாங்கும்னு நினைச்சேன். உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதையும் விட்டு வைக்கல நீங்க!"

"என் பேரை நீ ஏன் காப்பாத்தணும்? அதை நான் பாத்துக்குவேன்!"

"பாத்தீங்களே, ரொம்ப நல்லா!"

எட்டு வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சண்டை போட்டார்கள். பழைய பாக்கியெல்லாம் வெளியே வந்தது: யார் முதலில் குளிப்பது, யார் பிள்ளையை யார் அதட்டியது, எல்லாம். அண்ணனும் தம்பியும் மெல்லச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்கள். சின்னவள் கத்துவதைக் கேட்கக் கேட்கப் பெரியவளுக்கு மனசு லேசாயிற்று. இவளும் கோபப்படுகிறவள்தான், முகம் கோணுகிறவள்தான்!

வாரம் முடிந்ததும் முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்தார்; கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். இனி இரண்டு பேருக்கும் இரண்டு வண்டியும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பெரியவள் கட்டையனைப் பிடித்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம் கையை எதிர்ப்பக்கமே இழுத்தது. படகு போய்த் தூணில் மெத்தென்று முட்டியது. சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் சின்னவள் டிராக்டரில் ஏறினாள். பின்னால் எடுத்தாள்; டிரெய்லர் மடங்கியது. முன்னால் வந்து மறுபடி எடுத்தாள். அந்தப் பக்கம் மடங்கியது. இரண்டு கை தூரம் போவதற்குள் வியர்த்து விறுவிறுத்துவிட்டாள்.

"அக்கா, இது எப்படித்தான் போகும்?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

"பதறாதே. இன்னொரு வாட்டி எடு," என்றாள் பெரியவள், மிகவும் இதமான குரலில். அது எட்டாவது வாட்டி. ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மத்தியானம் அவளுக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.