உப்பைக் குறைக்கச் சொன்ன கட்டியக்காரன்

2005-ம் வருஷக் கோடை, உப்பு நன்றாக விளைந்திருந்தது. மரக்காணம் உப்பளத்தில் பகலெல்லாம் உப்பு வாரும் பச்சமுத்துவுக்குக் கூத்தில் கட்டியக்காரன் வேஷம். மேடையில் ராஜாவையே நக்கல் அடிக்க அந்தக் கோமாளிக்கு மட்டும் ஊர் உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமை முதலாளி வரைக்கும் நீளுமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

சோதனை வினோதினி ரூபத்தில் வந்தது. புதுச்சேரி சுகாதாரக் குழுவைச் சேர்ந்த அந்தப் பெண், மறதி நோய் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு கூத்தே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். தினமும் நட, பீடியை விடு, நாலு பேரோடு பழகு. எல்லாம் சரி. கடைசி வசனம்தான் பச்சமுத்துவுக்கு இடித்தது. பிரஷர் ஏறினால் மூளைக்கு ஆகாது, அதனால் உப்பைக் குறையுங்கள்!

"மேடம், பந்தல் போட்டுக் குடுத்ததே எங்க மொதலாளி தேவநாதன் தாங்க. மொத வரிசையில அவுருதான் குந்துவாரு. நான் இத்த சொல்லிட்டு நாளைக்கு எந்த மூஞ்சோட வேலைக்குப் போறது?"

"அப்ப அந்த வரிய எடுத்துடலாமா?"

எடுத்துவிடலாம்தான். ஆனால் மனசு வரவில்லை. அவன் மனைவி அம்சவல்லிக்குப் பிரஷர். கருவாட்டுக் குழம்பில்கூட ஒரு கை உப்பை அள்ளிப் போடுவாள். ஆஸ்பத்திரியில் சொன்னாலும் சரி, இவன் சொன்னாலும் சரி, காதில் போட்டுக்கொள்வதில்லை. அவளைப் பெற்றவள் கடைசிக் காலத்தில் மகளையே யாரென்று கேட்டுவிட்டுச் செத்துப்போனவள். அதை நினைத்தால் பச்சமுத்துவுக்குச் சோறு இறங்காது. வரி இருக்கட்டும் என்றான்.

ஞாயிறு சாயங்காலம் கூத்து. நடையும் பீடியும் கைதட்டலோடு போயின. கடைசி வசனத்துக்கு வாயைத் திறந்தால், எதிரே தேவநாதன் கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். மத்தளக்காரர் ஒருமுறைக்கு இரண்டுமுறை தட்டிக் காட்டினார்.

"உப்ப... கொறைங்க!"

தேவநாதன் காலை இறக்கினார். "டேய் பச்சமுத்து! எங்க வந்து என்னாடா சொல்ற?"

பக்கத்திலிருந்த அவர் மனைவி முந்திக்கொண்டாள். "சரியாத்தான சொல்றான்? தயிர் சோத்துக்கே தனியா உப்பு கேக்கற ஆளு நீங்க!"

ஊரே சிரித்தது. முதலாளிக்கும் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பச்சமுத்துவுக்குத் தைரியம் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினான். "ஏ அம்சவல்லி, ஒன்னத்தான். ஒங்கம்மா மாதிரி நீயும் ஒருநாள் என்னப் பாத்து யாருய்யா நீன்னு கேட்டா, நான் எங்க போவேன்?"

குரல் உடைந்துவிட்டது. கட்டியக்காரன் அழுது அந்த ஊர் பார்த்ததில்லை.

அம்சவல்லி எழுந்தாள். "மூஞ்சி பூரா இப்படிப் பவுடர அப்பிக்கினு நின்னா இப்பவே தெரியலையே! கழுவிட்டு வீட்டுக்கு வா."

மறுநாள் மத்தியானம் உப்பளத்தில் தூக்குவாளியைத் திறந்து குழம்பை வாயில் வைத்தான். சப்பென்று இருந்தது. சுற்றிலும் மலை மலையாக உப்பு. கையை நீட்டினால் போதும். பச்சமுத்து நீட்டவில்லை. கடைசிப் பருக்கை வரை அப்படியே தின்று முடித்தான்.