பேதி உப்பு

மீன் ஒருக்களித்து மிதப்பதை முதலில் பார்த்தவள் ஸகோர்காதான். அடுமனை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் பூட்ஸ் ஏறியிருந்தது, மற்றது கையில்.

"வுகாஷின், இங்க வா. உன் கூட்டாளி சாய்ஞ்சு கிடக்கிறான்."

வுகாஷின் சமையலறையிலிருந்து வந்து குனிந்து பார்த்தான். உருண்டைத் தங்கமீன். அதன் வயிறு வாதுமைக்கொட்டையை விழுங்கியதுபோல் புடைத்திருந்தது. கீழே இறங்க வாலை அடித்தது. இறங்க முடியாமல் பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது.

"கர்ப்பமா இருக்குமோ?"

"மீனுக்கு ஏது கர்ப்பம்? முட்டைதான் போடும். கீழ ஒருத்தன் வீடு பூரா மீன் வளர்க்கிறான், அவனைக் கேளு."

"திஹோமிரையா?"

"வேற யாரு. தாடையை உடைக்கிறப்ப இதெல்லாம் யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கோடையில், கார் நிறுத்தும் இடத்துக்காக நடந்த சண்டை அது. வுகாஷின் விட்ட ஒரே குத்தில் கீழ்வீட்டு திஹோமிரின் தாடை பெயர்ந்துவிட்டது. சிறைக்குப் பதில் வீட்டிலேயே தண்டனையைக் கழிக்கட்டும் என்று தீர்ப்பானது. கணுக்காலில் கருப்புக் கண்காணிப்புப் பட்டையை மாட்டிவிட்டார்கள். காலையில் கொஞ்ச நேரம் கட்டடத்தைச் சுற்றி நடக்கலாம். மற்ற நேரத்தில் வாசற்படியைத் தாண்டினால் பட்டை அலறும். புருஷன் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவானோ என்ற பயத்தில்தான் ஸகோர்கா அந்த மீனை வாங்கி வந்தாள்.

தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினான். கைபேசியில் தேடினான், ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தெருவுக்கு அந்தப்பக்கம் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூப்பிடுதூரம்தான். அவனுக்கு அது வேறு நாடு. மதியத்துக்குள் மீனின் செவுள் அசைவது குறைந்துபோனது. பால்கனியில் நின்று திஹோமிரைக் கூப்பிட்டுப் பார்த்தான். குளிருக்குச் சாத்திய ஜன்னல் எதுவும் திறக்கவில்லை.

கதவைத் திறந்து படியிறங்கிவிட்டான்.

படிக்கட்டு திரும்பும் இடத்தில் பட்டை அலறத் தொடங்கியது. மேலே, வீட்டுக்குள் தொலைபேசியும் அடித்தது. அதற்கு மேல் காலெடுத்து வைக்கவும் பயம், திரும்பிப் போகவும் மனமில்லை. அவன் அப்படியே நின்றபோது திஹோமிர் தன் கதவைத் திறந்தான்.

"மிச்சத் தாடையையும் உடைக்க வந்தியா?"

"மீனு... வயிறு வீங்கிப்போய் மிதக்குது."

திஹோமிர் அவன் காலைப் பார்த்தான்.

"மேல போய்யா, முட்டாள். பிடிச்சு உள்ள போட்டுருவாங்க. போ, நான் வர்றேன்."

தொலைபேசியில் கண்காணிப்பு அலுவலகப் பெண். "எங்க போனீங்க?"

"மீனுக்கு உடம்பு சரியில்லைங்க."

"மீனுக்கா?" என்று கேட்டாள். பிறகு விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

திஹோமிர் வந்து வுகாஷினின் முகத்தைப் பார்க்காமல் நேராகத் தொட்டியிடம் போனான். மேலிருந்து குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

"செதிலெல்லாம் பைன் மரத்துக் காய் மாதிரி விரிஞ்சு நின்னா உள்ளுறுப்பு போச்சுன்னு அர்த்தம். அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. இதுக்குப் படிஞ்சுதான் இருக்கு. கண்ணும் பிதுங்கல. என்ன போட்ட?"

"மீன் தீனிதான்."

"அப்புறம்?"

"கொஞ்சம் ரொட்டி. பக்கத்துல போறப்பல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு வருது."

"அது எப்பவும் அப்படித்தான் வரும். உனக்குப் பொழுது போகலைன்னு அதைத் தின்ன வச்சே கொல்றே. இதுல ஜன்னலோரம் வேற வச்சிருக்க, இந்தக் குளிர்ல எப்படிச் செரிக்கும்? மலச்சிக்கல்யா இது."

பேதி உப்பு வாங்க திஹோமிரே மருந்துக்கடைக்குப் போனான். பனியில் அவன் தெருவைக் கடப்பதை வுகாஷின் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தான். எவ்வளவு சாதாரணமாகக் கடக்கிறான் என்று இருந்தது.

குளியலறைத் தரையில் இருவரும் மண்டியிட்டார்கள். தொட்டியின் சூட்டுக்கே தண்ணீரைப் பதமாக்கி, உப்பைக் கரைத்து, பிளாஸ்டிக் பேசினில் மீனை விட்டார்கள். அது கவிழாமல் வுகாஷின் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டான். விரலுக்கடியில் அதன் வயிறு கல்லாக இருந்தது. பிறகு தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தி உள்சுவர் ஓரமாக வைத்தார்கள்.

"நான் சொல்ற வரைக்கும் ஒரு துணுக்கு போடக்கூடாது. தினம் உப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் விடு" என்று சொல்லிவிட்டு திஹோமிர் இறங்கிப் போனான்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். விதியை மீறியதால் காலை நடை ரத்து. இன்னொரு முறை என்றால் சிறை. வுகாஷின் தொலைபேசியை வைத்தான். நாற்காலியை இழுத்துத் தொட்டியின் முன் உட்கார்ந்தான். மீன் சாய்ந்தபடியே கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து மூடியது. அவன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். எதையும் செய்யாமல் இருப்பதுதான் வைத்தியம் என்றால், அதைவிடக் கொடுமை அவனுக்கு இல்லை. சில நாள் அந்த வீட்டில் மீனும் அவனும் ஒரே மாதிரி மூச்சு விட்டார்கள்.

ஒரு நாள் காலையில் அடுமனைக்குத் தொலைபேசியில் அழைத்தான்.

"ஸகோர்கா, போயிடுச்சு."

"அடக் கடவுளே. எப்போ?"

"அது இல்ல. வெளிக்குப் போயிடுச்சு. நூல் மாதிரி, இவ்வளவு நீளம். நேரா நீந்துது."

அவள் சிரித்ததைக் கேட்டு அடுப்பருகே இருந்தவர்களும் என்னவென்று கேட்டார்கள்.

சாயந்திரம் திஹோமிர் ஒரு கிண்ணத்தில் வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி கொண்டுவந்தான். நசுக்கித் துளித்துளியாகப் போட்டான், மீன் தின்றது. வுகாஷின் காப்பி போட்டுக் கொடுத்தான். திஹோமிர் அதை வாயின் வலது ஓரத்தால் மட்டும் உறிஞ்சினான். இடது தாடை இன்னும் சற்றுக் கோணியிருந்தது. வுகாஷினால் அதற்குமேல் அந்தப்பக்கம் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிரு."

"அது எனக்கு வேணாம்யா. ரொட்டி மெல்லும்போதெல்லாம் வலிக்குது. நீ சொன்னா நின்னுருமா? நான் மீனுக்காக வந்தேன்."

காப்பியை முடித்துவிட்டுத்தான் எழுந்தான். "தொட்டி சின்னது. எங்கிட்ட பெருசு ஒண்ணு சும்மா கிடக்கு. ஸகோர்காவை வந்து எடுத்துக்கச் சொல்லு."

அவள் வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள். "மன்னிப்புக் கேட்டியா?"

"கேட்டேன். வேணாம்னுட்டான்."

"தொட்டி மட்டும் தர்றானா?"

"மீனுக்கு."

அவள் கோட்டைக் கழற்றாமலே கீழே போனாள். வுகாஷின் திறந்த கதவின் உட்பக்கம் நின்று, அவளும் திஹோமிரும் கனமான கண்ணாடித் தொட்டியை முட்டாமல் மோதாமல் மேலே ஏற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை கொடுக்க ஒரு படிகூட இறங்க முடியவில்லை.