அக்கரை சேர்ந்தார்கள்

1

ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். 'அக்கரை' என்ற சொல். இயற்பியல் பின்னால் வந்தது. வந்தபின் போக மறுத்துவிட்டது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "1942 ஜூன். ராஜபாளையத்துப் பஞ்சுக் களத்தில் காய்ப்புழு துளைத்த பருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்ற சத்தியநேசனுக்கு, வானவெளியிலும் இப்படி ஒரு புழுத்துளை..."

அடித்துவிட்டேன். அந்த இயற்பியலுக்குப் 'புழுத்துளை' என்ற பெயர் வந்தது 1957இல். ராஜபாளையம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராயிருந்த சத்தியநேசன் அறிந்தது 'பாலம்' மட்டுமே. 1935இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சென்னை நண்பர் ஒருவர் கையால் பார்த்தெழுதி அவருக்கு அனுப்பியிருந்தார். வெளியை இரண்டு தாள்களாக எண்ணிக்கொள்ளலாம். ஒரு குறுகிய கழுத்து அவற்றை இணைக்கிறது. சமன்பாடுகள் சொன்னது அவ்வளவுதான். கழுத்தின் வழியாக யாராவது போக முடியுமா என்பதைக் கட்டுரை பேசவில்லை. ஏழு வருடமாக அவர் அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்.

2

அவர் மனைவி ஞானரத்தினம் ரங்கூனில் நர்ஸ். (அவளை ஏன் அங்கே அனுப்பினேன்? முதல் வரைவில் சண்டை போட்டுக்கொண்டு போனாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இப்போது வேலைக்குப் போயிருக்கிறாள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போனார்கள்.) பாலத்தைப் பற்றி அவர் எழுதிய கடிதத்துக்கு அவள் பதில் போட்டிருந்தாள்: "அந்தப் பாலத்தை எப்பத் திறப்பாகன்னு கேட்டு எழுதுங்க. கப்பல்ல வந்தா வாந்தி எடுத்தே சாகணும்."

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கானோர் காட்டு வழியாக இந்தியாவை நோக்கி நடந்தார்கள். ஐந்து மாதம் கடிதமில்லை. ஜூனில், பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது. அவளோடு நடந்த கம்பவுண்டர் நேசையன் அஸ்ஸாம் பக்கத்து அகதி முகாமிலிருந்து எழுதியிருந்தான்.

"ஞானரத்தினம் அக்கா மே 11ஆம் தேதி ▬▬▬▬ அக்கரை சேர்ந்தார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

கறுப்புப் பட்டை, தணிக்கை அதிகாரியின் மை. போர்க்காலத்தில் ஆறுகளின், ஊர்களின், கொள்ளைநோய்களின் பெயர்களை அப்படித்தான் மறைத்தார்கள். அதன் அடியில் இருந்தது ஓர் ஆற்றின் பெயரா, ஒரு நோயின் பெயரா என்பது எனக்கும் தெரியாது.

3

தபால்காரர் சோலைச்சாமி கார்டைப் படித்துவிட்டுத்தான் நீட்டினார்.

"சார், அம்மா ஆத்தத் தாண்டிட்டாக! இனிப்பு வாங்கித் தரணும், ஆமா."

சத்தியநேசனின் அக்கா ஏசம்மாள் உள்ளேயிருந்து வந்து கார்டைப் பிடுங்கிப் படித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இனிப்பா? ஏலே, நீ வெளங்குவியா? எந்தம்பி பொண்டாட்டி போய்ச் சேந்துட்டான்னு எழுதியிருக்கான்."

"கரை சேந்தாகன்னுல்லம்மா எழுதியிருக்கு?"

"அதத்தாம்லே நானுஞ் சொல்லுதேன்."

கிறிஸ்தவ வீடுகளில் 'அக்கரை சேர்ந்தார்' என்றால் இறந்தார் என்று பொருள். சோலைச்சாமிக்கு ஆறு என்றால் ஆறு, கரை என்றால் கரை.

"நேசையன் கூமாப்பட்டிக்காரன்தானக்கா?" என்றார் சத்தியநேசன். "ஞானஸ்நானம் வாங்கி ரெண்டு வருசந்தான் ஆகுது. அவனுக்கு நம்ம பேச்சு தெரியாம இருக்கலாம்ல?"

"ரெண்டு வருசத்துல எத்தன அடக்கத்துக்குப் போயிருப்பான். சரி, உசுரோட இருக்கவ ஏன் அவ கையால எழுதல?"

"கை கால் முடியாம இருப்பாக," என்றார் சோலைச்சாமி. "தெரியாமத்தான் எழுதிட்டான்னு வைங்களேன். உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அன்றே சத்தியநேசன் முகாமுக்கு ஒரு வரி எழுதினார்: 'அக்கரை என்றால் எந்தக் கரை?' முகாம் கலைந்துவிட்டதென்று மூன்று வாரத்தில் அது திரும்பி வந்தது.

4

அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். 1962இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: அந்தக் கழுத்து திறக்கிறது, ஓர் ஒளிக்கதிர் கடந்து முடிப்பதற்குள் இறுகி அறுந்துவிடுகிறது. அதைத் திறந்து வைக்க என்ன வேண்டும் என்பதையும் 1988இல் சொன்னார்கள். கழுத்தின் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளும் ஒரு பொருள். வெற்றிடத்தைவிடவும் குறைவான ஆற்றல் கொண்டது; ஒன்றும் இல்லாததைவிடக் குறைவு. ஆய்வகத்தில் அதன் சாயலைக் கண்டிருக்கிறார்கள். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு யாரும் கண்டதில்லை.

ஒரு வரைவில் இதை அவரே கண்டுபிடித்தார். பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் கழுத்தின் ஆரம் சுருங்கிச் சுருங்கிப் பூஜ்யமாகிறது. பென்சிலைக் கீழே வைக்கிறார். அப்போது அவர்...

முடிக்கவில்லை. இருபது வருடம் காத்திருந்து வரவேண்டிய செய்தியை அந்த மனிதரிடம் நான் ஏன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்?

5

ஆகஸ்டில் ஞானரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்குவதாக ஒரு முடிவு எழுதினேன். அவள் கையில் என்ன பை இருந்தது என்று யோசித்தபோது கையே தெரியவில்லை.

நேசையன் நேரில் வந்து எல்லாவற்றையும் சொல்வதாக இன்னொன்று. நான்கு பக்கம். கிழித்துவிட்டேன். அந்த வழியில் விழுந்தவர்களில் பெயர் தெரியாமல் போனவர்கள் ஏராளம். இவளுக்கு மட்டும் சாட்சி கிடைக்கும் என்று எழுதக் கை வரவில்லை.

6

ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் சின்னத்துரை இரண்டு பட்டியல் வாசிப்பார். முதலில் பிரயாணத்தில் இருப்போர், அடுத்து விசுவாசத்தில் மரித்தோர். இத்தனை மாதமும் ஞானரத்தினம் முதல் பட்டியலில் இருந்தாள். கடிதம் திரும்பிவந்த வாரம், சனிக்கிழமை சாயங்காலம், உபதேசியார் சத்தியநேசனைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏசம்மா வந்து ரெண்டாவதுல எழுதச் சொல்லிட்டுப் போறா. தபால்காரரு வந்து, மொதல்லயே இருக்கட்டும்ங்காரு. அவருக்கும் நம்ம கோயிலுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க சொல்லுங்க சார்."

"ரெண்டு பட்டியலுக்கும் நடுவுல செத்த நேரம் நிப்பீங்கள்ல?"

"மூச்சு வாங்கத்தான்."

"அங்க சொல்லுங்க."

"அது எதுல சேத்தி?"

"எதுலயும் வேண்டாம்."

உபதேசியார் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "எனக்கு இளைப்பு உண்டு சார். அம்புட்டு நேரமெல்லாம் நிக்க ஏலாது."

ஞாயிறு வந்துவிட்டது. பிரயாணிகளின் கடைசிப் பெயரை வாசித்துவிட்டார். ஒரு கணம் விட்டு, "ஞானரத்தினம்" என்கிறார். நிற்கிறார். மூன்றாம் பெஞ்சில் சத்தியநேசன் தலை நிமிரவில்லை. பெண்கள் பக்கத்தில் ஏசம்மாள் கண்களை மூடியிருக்கிறாள். உபதேசியார் மூச்சை இழுத்து மரித்தோரின் முதல் பெயரைச் சொல்லிவிட்டால், அதற்கு முன்னால் சொன்ன பெயரும் அந்தப் பட்டியலோடு போய்விடும்.

அவர் நெஞ்சு ஏறத் தொடங்குகிறது. நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை. உங்களால் எவ்வளவு நேரம் முடியுமோ, அவ்வளவு நேரம் அவரை அப்படியே நிறுத்தி வையுங்கள்.